போப்பாண்டவர் தவறவே மாட்டாரா? டர்பன் கத்தோலிக்கர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பூசை முடிந்து வாசலில் நிற்கும்போதும், கல்யாண வீட்டுப் பந்தியிலும், இப்போது வாட்ஸ்அப்பிலும் என்னிடம் வந்த கேள்விகள் இவை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், மெர்பேங்க் பக்கம் இருக்கும் நம் ஆட்களில் தமிழ் வாசிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள், ஆனாலும் வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இது. நான் இறையியல் பட்டம் வாங்கியவன் இல்லை, மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறவன். திருச்சபையின் போதனை எது, என் சொந்த அபிப்பிராயம் எது என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டையும் கலப்பதில்தான் பாதிச் சண்டை தொடங்குகிறது.

போப் வாயைத் திறந்தால் வருவதெல்லாம் தவறில்லாதது என்று நீங்கள் நம்ப வேண்டுமாமே? பெந்தகோஸ்தே சபைக்குப் போகும் என் மச்சான் கேட்கிறார்.

இல்லை என்று மச்சானிடம் தாராளமாகச் சொல்லுங்கள். போப்பாண்டவரும் பாவசங்கீர்த்தனம் செய்கிறார், அவருக்கும் ஒரு குரு பாவமன்னிப்பு கொடுக்கிறார். வழுவாவரம், அதாவது போதனையில் தவறாத வரம், என்பது பாவம் செய்யாத வரம் இல்லை, எல்லாம் தெரிந்த வரமும் இல்லை. அவர் பொருளாதாரம் பற்றிப் பேசினால் தவறலாம், ஓர் ஆயரை நியமிப்பதில் தவறலாம், ஒரு நாட்டு அரசோடு ஒப்பந்தம் போடுவதில் தவறலாம், புதன்கிழமை பொதுச் சந்திப்பில் சொல்லும் உதாரணம் பொருந்தாமலும் போகலாம். விமானத்தில் பத்திரிகையாளர்களிடம் சொன்னது, நேர்காணலில் சொன்னது எல்லாம் இந்தக் கணக்கில் வரவே வராது. "போப் இப்படிச் சொல்லிவிட்டார்" என்று யாராவது படம் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், முதலில் எங்கே, எந்த வடிவத்தில் சொன்னார் என்று கேளுங்கள். பாதி நேரம் அவர் சொல்லியே இருக்கமாட்டார், அது வேறு கதை.

அப்படியானால் எப்போதுதான் தவறமாட்டார்?

1870-ல் உலகத்து ஆயர்கள் கூடிய முதல் வத்திக்கான் சங்கம் வகுத்த வரையறை மிகவும் குறுகலானது. ஒரு தனி மனிதராகவோ, ரோமாபுரி ஆயராக மட்டுமோ, ஓர் இறையியல் அறிஞராகவோ பேசாமல், எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் மேய்ப்பராகவும் ஆசிரியராகவும், பேதுருவின் வழிவந்த தம் முழு அதிகாரத்தையும் கொண்டு பேச வேண்டும். பேசும் விஷயம் விசுவாசத்தையோ ஒழுக்கத்தையோ சேர்ந்ததாக இருக்க வேண்டும். அதோடு, திருச்சபை முழுவதும் இதை ஏற்றாக வேண்டும் என்று இறுதியாகத் தீர்த்துச் சொல்ல வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அது வழுவாத பிரகடனம் ஆகாது.

1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் 749-ஆம் சட்டம் இன்னொரு காவலையும் போடுகிறது. ஒரு போதனை வழுவாவரத்தோடு தீர்க்கப்பட்டது என்பது வெளிப்படையாக நிலைநாட்டப்பட்டால் ஒழிய, அதை அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. சந்தேகம் இருந்தால் "இல்லை" என்றுதான் பொருள். இந்தச் சட்டம் ஒன்றை மட்டும் மனசில் வைத்துக்கொண்டாலே பல வாக்குவாதங்கள் தொடங்காமலே போய்விடும்.

இதுவரை எத்தனை தடவை நடந்திருக்கிறது?

எல்லோரும் ஒத்துக்கொள்வது இரண்டு. 1854 டிசம்பர் 8-ஆம் தேதி ஒன்பதாம் பயஸ் மரியாவின் அமலோற்பவத்தை (ஜென்மப்பாவம் இல்லாமல் கருவானதை) பிரகடனம் செய்தது ஒன்று, 1950 நவம்பர் 1-ஆம் தேதி பன்னிரண்டாம் பயஸ் மரியாவின் விண்ணேற்பை (உடலோடும் ஆன்மாவோடும் விண்ணகம் எடுத்துக்கொள்ளப்பட்டதை) பிரகடனம் செய்தது இன்னொன்று. முதலாவது, 1870-ல் வரையறை வருவதற்கே முன்னால் நடந்தது என்பதைக் கவனியுங்கள். பழைய காலத்து ஆவணங்கள் சிலவற்றையும் இந்தப் பட்டியலில் சேர்க்கும் அறிஞர்கள் உண்டு, புனிதர் பட்டம் கொடுப்பதைச் சேர்ப்பவர்களும் உண்டு, அதில் கருத்து வேறுபாடு இருக்கிறது.

இந்த இரண்டு போப்பாண்டவர்களுமே பிரகடனத்துக்கு முன்னால் உலகத்து ஆயர்களுக்கு எழுதிக் கேட்டார்கள். ஒன்பதாம் பயஸ் 1849-ல் கேட்டார், பன்னிரண்டாம் பயஸ் 1946-ல் கேட்டார். உங்கள் மக்கள் இதை நம்புகிறார்களா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. போப் இரவில் கனவு கண்டு காலையில் ஒரு புதுக் கோட்பாடு வெளியிடுவதாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மக்களிடம் ஏற்கெனவே இருக்கும் விசுவாசத்துக்குத்தான் அவர் முத்திரை போடுகிறார்.

1870-ல் எல்லா ஆயர்களும் ஒரே மனதாக ஒத்துக்கொண்டார்களா?

எங்கே! ஜூலை 13-ஆம் தேதி நடந்த முன்னோட்ட வாக்கெடுப்பில் 451 பேர் சரி என்றார்கள், 88 பேர் கூடாது என்றார்கள், 62 பேர் திருத்தங்களோடு சரி என்றார்கள். எதிர்த்தவர்களில் பலர் கோட்பாடே தப்பு என்று சொல்லவில்லை, இந்தச் சமயத்தில் இது தேவையா என்பதுதான் அவர்கள் வாதம். இறுதி வாக்கெடுப்பு ஜூலை 18. போப்பாண்டவரின் முகத்துக்கு எதிரே "கூடாது" என்று சொல்ல மனம் வராமல் அறுபது பேர் அளவில் முன்னாடியே ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். மிஞ்சியவர்களில் 533 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு. அந்த இருவரில் ஒருவர் அமெரிக்காவில் லிட்டில் ராக் ஆயர் எட்வர்ட் பிட்ஸ்ஜெரால்ட், மற்றவர் இத்தாலியர். முடிவு அறிவிக்கப்பட்டதும் இருவரும் அங்கேயே ஏற்றுக்கொண்டார்கள்.

வாக்கெடுப்பு நடந்தபோது வெளியே இடியும் மின்னலுமாகப் புயல். ஆதரித்தவர்கள் அதை மோசேக்குக் கடவுள் சட்டம் கொடுத்த சீனாய் மலை மாதிரி என்றார்கள், எதிர்த்தவர்கள் கடவுளின் கோபம் என்றார்கள். மறுநாளே பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது, செப்டம்பரில் இத்தாலியப் படை ரோமுக்குள் நுழைந்தது, சங்கம் பாதியில் நின்றுபோனது. ஆயர்களின் பங்கு என்ன என்று விரிவாகப் பேச வேண்டிய பகுதி அப்படியே தொங்கி, 1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம்தான் அதை எடுத்து முடித்தது. இத்தனை குழப்பத்துக்கும் அந்த இடைவெளி ஒரு பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம். தொண்ணூறு வருடத்துக்கு மேல் போப்பைப் பற்றிய பாதி மட்டும் கையில் இருந்தது, ஆயர்களையும் மக்களையும் பற்றிய மீதி இல்லை.

அந்தக் காலத்திலேயே ஜெர்மனியின் பிஸ்மார்க், இனி ஆயர்கள் எல்லாம் போப்பின் கைக்கருவிகள்தான் என்று எழுதினார். ஜெர்மன் ஆயர்கள் 1875-ல் பதில் கொடுத்தார்கள்: போப்பாண்டவர் வரம்பில்லாத அரசர் இல்லை, வேதாகமத்துக்கும் மரபுக்கும் திருச்சபையின் முந்தைய தீர்ப்புகளுக்கும் அவரும் கட்டுப்பட்டவர் என்று. ஒன்பதாம் பயஸ் அந்தப் பதிலைக் கோபிக்காமல் வெளிப்படையாகப் பாராட்டினார். போப்பின் அதிகாரத்துக்கு எல்லை உண்டு என்பதற்குப் போப்பே கையெழுத்திட்ட மாதிரி இது.

போப்பாண்டவர்கள் போதனையில் தவறியதே இல்லையா?

தவறியிருக்கிறார்கள், திருச்சபை வரலாறு அதை மறைக்கவில்லை. முதலாம் ஹொனோரியுஸ் இறந்து பல வருடம் கழித்து, 680–681-ல் நடந்த கான்ஸ்டாண்டிநோபிள் சங்கம் அவர் பெயரைச் சொல்லிக் கண்டித்தது, கிறிஸ்துவின் சித்தம் ஒன்றா இரண்டா என்ற சண்டையில் அவர் எழுதிய கடிதங்களுக்காக. 22-ஆம் யோவான் 1331 முதல் தம் பிரசங்கங்களில், நல்லவர்களின் ஆன்மா கடைசித் தீர்ப்பு நாள் வரைக்கும் கடவுளை நேருக்கு நேர் காணாது என்று சொல்லிவந்தார். இறையியல் அறிஞர்கள் எதிர்த்தார்கள், பாரிஸ் பல்கலைக்கழகம் எதிர்த்தது. 1334-ல் மரணப்படுக்கையில் அவர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார், 1336-ல் அடுத்து வந்த பன்னிரண்டாம் பெனடிக்ட் அதற்கு நேர்மாறானதையே கோட்பாடாக அறிவித்தார்.

இந்த இரண்டிலும் யாரும் வழுவாத பிரகடனம் செய்யவில்லை, அதனால் 1870-ன் கோட்பாடு இவற்றால் உடையவில்லை. ஆனால் அன்று போப்பை எதிர்த்து வாதாடியவர்கள் துரோகிகளும் இல்லை. இன்னும் பின்னால் போனால், அந்தியோக்கியாவில் பவுல் பேதுருவை முகத்துக்கு நேரே கண்டித்தது கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது, அதை நாம் பூசையில் வாசகமாகவே வாசிக்கிறோம்.

சரி, வழுவாத பிரகடனம் இரண்டுதான் என்றால் மற்றதெல்லாம் நம் இஷ்டமா?

இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள், அதுவும் முந்தின பதில்களைக் கேட்டுத் தலையாட்டியவர்கள்தான் அதிகம் வழுக்குகிறார்கள். "தவறாத பிரகடனம் இல்லை" என்பதற்கு "வெறும் அபிப்பிராயம்" என்று பொருள் இல்லை.

நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1957-ல் தென்னாப்பிரிக்க ஆயர்கள் கூடி, அபார்ட்ஹைட் (நிற ஒதுக்கல்) அதன் இயல்பிலேயே தீமையானது என்று அறிக்கை விட்டார்கள். அது வழுவாத பிரகடனமா? இல்லை, ஒரு நாட்டு ஆயர் பேரவைக்கு அந்த வரமே கிடையாது. அப்போதும் வெள்ளைக்காரக் கத்தோலிக்கர் பலர் என்ன சொன்னார்கள்? ஆயர்கள் அரசியல் பேசுகிறார்கள், இது கோட்பாடு இல்லை, நாங்கள் கேட்க வேண்டியதில்லை என்றார்கள். 1976-ல் கத்தோலிக்கப் பள்ளிகள் சட்டத்தை மீறிக் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்கத் தொடங்கியபோதும் இதே பேச்சு வந்தது. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் கேட்டோ மேனரில் வீட்டை இழந்து, சாட்ஸ்வர்த்துக்கு லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு வந்த குடும்பத்துப் பிள்ளைகள் நாம். "இது கோட்பாடு இல்லையே" என்ற சாக்கு எவ்வளவு வசதியானது என்பது நமக்குத் தெரிய வேண்டும்.

திருச்சபை இதற்கு ஒரு படிவரிசை வைத்திருக்கிறது. கடவுள் வெளிப்படுத்தியது என்று தீர்க்கப்பட்டதை விசுவாசத்தோடு ஏற்கிறோம், மறுத்தால் அது பேதகம், அதாவது விசுவாசத்துக்கு முரணான கொள்கை. அதோடு நெருங்கிய தொடர்புள்ளதால் இறுதியானது என்று போதிக்கப்பட்டதை உறுதியாகப் பற்றிக்கொள்கிறோம். இவற்றுக்குக் கீழே போப்பும் ஆயர்களும் சாதாரணமாகப் போதிப்பது வருகிறது. அதற்கு இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவாலும் மனதாலும் பணிவான இசைவு கேட்கிறது, அதாவது இது சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தோடு தொடங்கி, புரியாவிட்டால் படித்து, ஜெபித்து, விசாரித்து, தன் யோசனையையே முதலில் சந்தேகப்பட வேண்டும். கடைசியாக ஒழுங்குமுறைகளும் காலத்துக்கேற்ற தீர்மானங்களும். அவை மாறும், மாறியும் இருக்கின்றன, ஆனால் நடைமுறையில் இருக்கும் வரை கீழ்ப்படிதல் உண்டு.

அந்த மூன்றாவது படியில், எல்லாம் செய்து பார்த்தும் ஏற்க முடியவில்லை என்றால்?

இதற்கு நான் புத்தகத்தைக் காட்டுவதைவிட இமானுவேல் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் ஒருவரைக் காட்டுகிறேன். விக்டோரியா தெரு மார்க்கெட்டுக்கும் ஜும்மா மசூதிக்கும் பக்கத்தில் இருக்கிற பேராலயம்தான். பேராயர் டெனிஸ் ஹர்லி.

1968 ஜூலையில் போப் ஆறாம் பவுல் குடும்பக் கட்டுப்பாடு பற்றிய சுற்றுமடலை வெளியிட்டார். செயற்கை முறை எதுவும் கூடாது என்பது அதன் தீர்ப்பு. அவர் கையில் இருந்த ஆலோசனைக் குழுவின் பெரும்பான்மை, மாற்றம் வேண்டும் என்று 1966-லேயே சொல்லியிருந்தது. அதை மீறித்தான் இந்த முடிவு. சுற்றுமடலைப் பத்திரிகைகளுக்கு அறிமுகப்படுத்திய வத்திக்கான் குருவே, இது வழுவாத பிரகடனம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

ஹர்லி அப்போது டர்பன் பேராயர். 1947-ல் ஆயராகத் திருநிலை பெற்றபோது முப்பத்தோரு வயது, உலகத்திலேயே இளைய ஆயர்களில் ஒருவர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கான மத்தியத் தயாரிப்புக் குழுவில் வேலை செய்தவர். அவரால் அந்தத் தீர்ப்பின் வாதத்தை ஏற்க முடியவில்லை, அதை மறைக்கவும் இல்லை. ஆயராகத் தமக்கு இவ்வளவு வேதனை தந்த விஷயம் வேறு இல்லை என்ற பொருளில் பத்திரிகைகளிடமே பேசினார், பின்னால் இறையியல் சஞ்சிகையில் காரணகாரியத்தோடு எழுதினார்.

அவர் என்ன செய்யவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். போப்புக்கு எதிராக ஒரு கட்சி சேர்க்கவில்லை. திருச்சபையின் போதனை இதுதான் என்பதை மறைத்துத் தம் கருத்தையே போதனையாக விற்கவில்லை. திருச்சபையை விட்டுப் போகவில்லை, போப்பாண்டவரைக் கேவலமாகப் பேசவில்லை. தம் வேலையைச் செய்துகொண்டே இருந்தார். திருவழிபாட்டை ஆங்கிலத்தில் கொண்டுவந்த அனைத்துலகக் குழுவுக்குப் பல வருடம் தலைவராக இருந்தார், அபார்ட்ஹைட் அரசோடு மோதினார், நமீபியாவில் போலீஸ் படை செய்த கொடுமைகளைப் பற்றிப் பேசியதற்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார், அந்த வழக்கு நிற்கவில்லை. 1992-ல் பேராயர் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அதே பேராலயத்தில் சாதாரணப் பங்குத்தந்தையாக இருந்தார். 2004-ல் இறந்தார். கர்தினால் ஆகவில்லை. 1968-தான் அதற்குக் காரணம் என்று பலர் ஊகிக்கிறார்கள், ஊகம்தான்.

விசுவாசத்தோடு மாறுபடுவது என்றால் எனக்கு இதுதான் அளவுகோல். மாறுபட்டதற்கான விலையை மாறுபட்டவரே கொடுக்கிறார், அடுத்தவர் தலையில் கட்டவில்லை.

சுற்றுமடல் சரியா, ஹர்லி சரியா என்று கேட்பீர்கள். போதனை இன்னும் அதேதான், எந்தப் போப்பும் அதை மாற்றவில்லை. வகுப்பில் நான் போதனையைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். கல்யாணமான தம்பதிகள் தங்கள் கஷ்டத்தைச் சொல்லும்போது பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு அனுப்புகிறேன், அது என் வாட்ஸ்அப்பில் தீர்க்கிற விஷயம் இல்லை.

அப்படியானால் நீங்கள் முற்போக்குக் கட்சியா?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். சரி, ஹர்லிக்கு அடுத்து டர்பன் பேராயராக வந்தவரைப் பார்ப்போம். கர்தினால் வில்பிரிட் நேப்பியர், பிரான்சிஸ்கன் சபைக்காரர், 1992 முதல் 2021 வரை பேராயர். போப் பிரான்சிஸ் குடும்பம் பற்றி 2014-லும் 2015-லும் ஆயர் மாமன்றம் கூட்டியபோது, 2014-ல் இடையில் வெளிவந்த அறிக்கை ஆயர்கள் உள்ளே பேசியதைச் சரியாகக் காட்டவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னவர் அவர். அடுத்த வருடம் மாமன்றம் நடக்கும் முறை பற்றிக் கர்தினால்கள் சிலர் போப்புக்கு அந்தரங்கமாக எழுதிய கடிதத்தில் தாமும் கையெழுத்திட்டதை ஒத்துக்கொண்டார். அதே மாமன்றத்துக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவராக அவரைப் போப் பிரான்சிஸ் நியமித்துமிருந்தார்.

2023 டிசம்பரில் ஓரினத் தம்பதிகளுக்கு எளிமையான ஆசீர் வழங்கலாம் என்று ரோமிலிருந்து அறிக்கை வந்தபோது இன்னொன்று நடந்தது. 2024 ஜனவரி 11-ஆம் தேதி ஆப்பிரிக்க ஆயர் பேரவைகளின் கூட்டமைப்பு, கின்ஷாசாவின் கர்தினால் அம்போங்கோ தலைமையில், எங்கள் கண்டத்தில் அது பொருந்தாது என்று பொதுவாக அறிவித்தது. அறிவிக்கும் முன்னால் அவர் ரோமுக்குப் போய்ப் பேசினார், போப்போடு நாங்கள் ஒன்றிப்பில்தான் இருக்கிறோம் என்று அறிக்கையிலேயே எழுதினார்கள். போப்பும் அவர்களைத் தள்ளவில்லை.

இப்போது உங்களையே கேட்டுப் பாருங்கள். ஹர்லி செய்தது துணிச்சல், நேப்பியர் செய்தது கலகம் என்று தோன்றுகிறதா? அல்லது நேப்பியர் விசுவாசத்தின் காவலர், ஹர்லி தறுதலை என்று தோன்றுகிறதா? இரண்டில் எது தோன்றினாலும், போப்பின் அதிகாரத்துக்கு எல்லை எங்கே என்பதை நீங்கள் யோசிக்கவில்லை, நம் கட்சிக்காரர் யார் என்று பார்த்திருக்கிறீர்கள். என் வகுப்பில் இதைச் சொன்னால் இரண்டு பக்கமும் முகம் சுளிக்கிறார்கள்.

மனசாட்சிதான் கடைசி நீதிபதி என்கிறார்களே?

உண்மைதான், ஆனால் அந்த நீதிபதி சட்டம் படித்திருக்க வேண்டும். இங்கிலாந்து இறையியல் அறிஞர் ஜான் ஹென்றி நியூமன் 1870-ல் அந்த வரையறைக்கு இது நேரமில்லை என்று நினைத்தவர், வந்தபின் ஏற்றுக்கொண்டவர். கத்தோலிக்கர் அரசுக்கு விசுவாசமாக இருக்க முடியாது என்று பிரிட்டிஷ் பிரதமராக இருந்த கிளாட்ஸ்டன் குற்றம் சாட்டியபோது 1875-ல் அவர் எழுதிய பதில் பிரபலமானது. விருந்தில் வாழ்த்துச் சொல்லிக் கிண்ணம் உயர்த்த வேண்டுமென்றால் முதலில் மனசாட்சிக்கு, அப்புறம் போப்புக்கு என்றார். இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் அதே இடத்தில் அவர் சொன்ன இன்னொன்றை விட்டுவிடுகிறார்கள்: தன் இஷ்டப்படி நடக்கும் உரிமைக்கு மனசாட்சி என்று பெயர் வைப்பது போலி. அவருக்கு 2019-ல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள்.

என் சொந்தச் சோதனை ஒன்று உண்டு. மனசாட்சி எனக்கு வசதியில்லாததையும் எப்போதாவது சொல்கிறதா? எப்போதும் எனக்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொன்னால் அது மனசாட்சி இல்லை, வக்கீல்.

கொலையும் கார் கடத்தலும் இவ்வளவு நடக்கிறதே, தூக்குத்தண்டனை திரும்ப வேண்டும் என்று ஒரு கத்தோலிக்கர் சொல்லலாமா?

டர்பனில் வீட்டுக்குள் துப்பாக்கியோடு ஆள் புகுந்த குடும்பம் தெரிந்தவர்களில் இல்லாதவர் குறைவு, அதனால் இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் 1995-ல் மரணதண்டனையை ஒழித்தது. திருச்சபையின் மறைக்கல்வி நூலில் இரண்டாம் யோவான் பவுல் காலத்தில் "அநேகமாகத் தேவையே இல்லை" என்ற அளவில் இருந்ததை, 2018-ல் போப் பிரான்சிஸ் "ஏற்கத்தக்கதல்ல" என்று மாற்றினார். வழுவாத பிரகடனம் இல்லை, ஆனால் மேலே சொன்ன மூன்றாம் படியில் நிற்கும் போதனை. கோபத்தில் சொல்வதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் கருத்தடை விஷயத்தில் "ரோம் சொன்னால் சொன்னதுதான்" என்று அடித்துப் பேசும் அதே வாய் இதில் மட்டும் "இது போப்பின் சொந்தக் கருத்து" என்கிறதா என்று பாருங்கள்.

பெண்களுக்குக் குருத்துவம்?

1994-ல் இரண்டாம் யோவான் பவுல், திருச்சபைக்கு அந்த அதிகாரமே இல்லை, இதை எல்லோரும் இறுதியாக ஏற்க வேண்டும் என்று எழுதினார். அந்தக் கடிதம் 1870 சொல்லும் வகையான பிரகடனம் இல்லை. ஆனால் 1995-ல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், இது திருச்சபை எங்கும் எப்போதும் போதித்துவந்ததால் வழுவாத போதனையைச் சேர்ந்தது என்று விளக்கம் கொடுத்தது. அந்த விளக்கம் தானே வழுவாதது இல்லை என்று வாதாடும் அறிஞர்கள் உண்டு. போப் பிரான்சிசும் கதவைத் திறக்கவில்லை. ஆக, இது கருத்தடை விஷயத்தைவிட இறுக்கமான படியில் நிற்கிறது. பெண் திருத்தொண்டர் பற்றியது வேறு கேள்வி, அதற்கு ஆய்வுக் குழுக்களே போடப்பட்டன.

தீபாவளிக்கு விளக்கேற்றக் கூடாது, பொட்டு வைக்கக் கூடாது என்று எங்கள் பங்குச்சாமி சொல்கிறார். போப்பே சொன்ன மாதிரியா அது?

போப்பே சொன்னாலும் இது மாறுகிற வகை. நம் முன்னோர் கதையே சாட்சி. 1606-ல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்டோ தெ நோபிலி, மதம் மாறியவர்கள் பூணூல், குடுமி, சந்தனம் வைத்துக்கொள்ளலாம் என்றார். சக குருக்களே அவர் மேல் ரோமுக்குப் புகார் அனுப்பினார்கள். 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி அவருக்குச் சாதகமாகத் தீர்த்தார். 1704-ல் போப்பின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு பெரும்பாலானவற்றைத் தடுத்தார். 1744-ல் பதினான்காம் பெனடிக்ட் தடையை உறுதிசெய்து, மிஷனரிகள் அதற்குச் சத்தியப்பிரமாணம் எடுக்க வேண்டும் என்றார். 1940-ல் அந்தச் சத்தியப்பிரமாணமே நீக்கப்பட்டது. ஒரு போப் கொடுத்தார், இன்னொருவர் எடுத்தார், மூன்றாமவர் தளர்த்தினார். யாருடைய வழுவாவரத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் அது அங்கே வேலையே செய்யவில்லை.

இப்போது வத்திக்கானிலிருந்தே ஒவ்வொரு வருடமும் இந்துக்களுக்குத் தீபாவளி வாழ்த்து வருகிறது. பாதிக் குடும்பம் இந்துவாக இருக்கிற நம் வீடுகளில், அத்தை வீட்டுக் கூழ் ஊற்றும் நாளில் போய் உட்கார்ந்து சாப்பிடுவதும், ஈஸ்டர் வாரத்தில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போகும் சித்தப்பாவைக் காரில் கொண்டுவிடுவதும் பாவம் என்று நான் நினைக்கவில்லை. நேர்த்திக்கடன் வைத்துக் காவடி எடுப்பது வேறு, அது வழிபாடு, அங்கே கோடு இருக்கிறது. பங்குச்சாமி விளக்கையும் தடுத்தால், ஏன் என்று மரியாதையாகக் கேளுங்கள். அவர் பயப்படுவது உங்கள் விளக்கைப் பற்றியாக இல்லாமலும் இருக்கலாம்.

வேளாங்கண்ணியில் மாதா காட்சி கொடுத்ததை நம்பியே ஆக வேண்டுமா? இங்கோமே?

வேண்டாம். இங்கே குவாசூலு-நட்டாலில் இங்கோமேயில் ஒரு ஜெர்மன் கன்னியர் 1955 முதல் கண்டதாகச் சொன்னதும் அப்படித்தான். தனிக் காட்சிகள் விசுவாசக் கோட்பாட்டில் சேராது, திருச்சபை ஆமோதித்தாலும் "நம்பத் தடையில்லை" என்பதுதான் அதன் பொருள். நான் வேளாங்கண்ணிக்கு நவநாள் செய்கிறவன், அதனால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சரி, எனக்கு உண்மையாகவே ஒரு விஷயத்தில் மாற்றுக் கருத்து இருக்கிறது. நான் வெறும் பொதுநிலையினன். யாரிடம் சொல்வது?

திருச்சபைச் சட்டம் 212-ஐ எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தங்கள் அறிவுக்கும் தகுதிக்கும் ஏற்ப, திருச்சபையின் நன்மை பற்றிய கருத்தை மேய்ப்பர்களிடம் சொல்ல விசுவாசிகளுக்கு உரிமை உண்டு, சில சமயம் அது கடமையும்கூட என்கிறது. விசுவாசமும் ஒழுக்கமும் கெடாமல், மேய்ப்பர்களுக்குரிய மரியாதையோடு சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை.

முதலில் அந்த ஆவணத்தை முழுதாக வாசியுங்கள், அதைப் பற்றிய வீடியோவை இல்லை. அப்புறம் பங்குத்தந்தையிடம் நேரம் கேட்டு உட்கார்ந்து பேசுங்கள். பூசை முடிந்து ஐம்பது பேர் கை குலுக்க வரிசையில் நிற்கும்போது வேண்டாம். திருப்தி இல்லையென்றால் பேராயருக்குக் கடிதம் எழுதுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல், எந்த வரி உங்களுக்கு இடிக்கிறது, ஏன் என்று மட்டும், கீழே உங்கள் பெயரோடு. மொட்டைக் கடிதத்தை யாரும் மதிப்பதில்லை. பதில் வரத் தாமதமாகும், வராமலும் போகலாம். அதற்காக அடுத்த ஞாயிறு பூசைக்குப் போகாமல் இருக்காதீர்கள், காணிக்கையை நிறுத்துவேன் என்று மிரட்டவும் வேண்டாம். நற்கருணை வாங்கலாமா என்று சிலர் பயப்படுகிறார்கள்: ஒரு போதனை புரியவில்லை, மனம் ஒப்பவில்லை என்பது மட்டும் தடை இல்லை. அதை மீறி வாழ்கிறீர்கள் என்றால் அது பாவசங்கீர்த்தனத்தில் பேச வேண்டியது, சனிக்கிழமை சாயங்காலம் எந்தப் பங்கிலும் குருவைப் பார்க்கலாம், உங்கள் பங்குச்சாமி வேண்டாமென்றால் பேராலயத்துக்குப் போங்கள்.